சிட்டிகைத் தீனியும் ஐம்பது பிபிஎம்மும்

சோதனைக் குழாயில் மீன் தொட்டித் தண்ணீர் தக்காளி ரசத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. வண்ண அட்டையில் 40 என்ற கட்டத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தி, 80-ஐவிடக் கொஞ்சம் வெளிறல். நைட்ரேட் ஐம்பது பிபிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஒன்பது லிட்டர் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் புது உப்புநீர் ஊற்றுகிறேன். ஃபில்டர் ஸ்பான்ஜைக் கழுவுகிறேன். ஆனாலும் மூன்று மாதமாக இதே ரசம்தான்.

தொட்டி ஒன்றும் பெரிதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக, மேலே விளிம்பில் விட்ட இடமும் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் 45 லிட்டர்தான். அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், கண்ணாடியில் ஊரும் நாலைந்து நத்தைகள். சென்னை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரு கடல் வேண்டும் என்ற ஆசைக்கு இதற்குமேல் இடமும் இல்லை, காசும் இல்லை.

மீன் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். உயிருள்ள பாக்டீரியாவாம், ஊற்றினால் போதுமாம். வாங்கிவந்து வீட்டில் லேபிளைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. அதில் இருந்தவை நைட்ரேட்டைத் தின்கிற ரகமே இல்லை, நைட்ரேட்டைச் செய்கிற ரகம். திருட்டு போகிறதென்று முறையிடப் போனவனுக்குத் திருடனையே காவலுக்கு அனுப்பிவைத்த கதை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தொட்டி புதிதாக இருக்கும்போது அந்த பாட்டிலுக்கு வேலை உண்டு. மீன் தின்னும் புரதத்தில் உடம்புக்குச் சேராத நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே போய்விடும். மீன் சும்மா நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் தண்ணீர் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். தின்னாமல் விட்ட தீனி, கழிவு, கல்லிடுக்கில் யாருக்கும் தெரியாமல் செத்துப்போன நத்தை எல்லாம் அழுகி அதே அம்மோனியாவில் போய்ச் சேரும். அம்மோனியா கொடிய நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது இரண்டு கூட்டத்தார் கைமாற்றிச் செய்யும் வேலை என்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கேய் வினோகிராத்ஸ்கி என்ற ரஷ்ய ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பாடம் அசையவில்லை. அதை அசைத்ததில் மீன் தொட்டிகளுக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது பாக்டீரியா மட்டுமே என்று நம்பியிருந்தபோது, 2005-இல், பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற தனிக் குலத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர் அதைச் செய்வதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் ஒரு தொட்டி. அதன் உறவுக்காரர்கள் உலகக் கடலெல்லாம் நிறைந்திருப்பது பின்னால் தெளிவானது. 2015-இல் இரண்டு கட்ட வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்து முடிக்கும் நுண்ணுயிரைப் பற்றி இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் எழுதின. அதில் ஒன்றுக்கு மூலம் மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் ஃபில்டர்.

இந்த வேலைக்கு வேண்டியது ஆக்சிஜன். ஏர் பம்ப் ஓடும் எந்தத் தொட்டியிலும் அதற்குக் குறைவில்லை. ஆகவே நைட்ரேட் வரைக்கும் வண்டி தானாக ஓடிவந்துவிடும். அங்கே நின்றுவிடும். நைட்ரேட் ஆவியாகாது, அடியில் படியாது, ஸ்பான்ஜில் சிக்காது, கரி ஃபில்டரிலும் பெரிதாக ஒட்டாது. தண்ணீர் ஆவியாகிப் போனால் மிச்சத் தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகும். பெரிய ஃபில்டர் வாங்கிப் போட்டால் அம்மோனியா இன்னும் சுறுசுறுப்பாக நைட்ரேட்டாகும், அவ்வளவுதான்.

ஐம்பது என்பது எவ்வளவு அதிகம்? பவளப்பாறைக்கு மேலே இருக்கும் தெளிந்த கடல்நீரில் நைட்ரேட் லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டுவதே அபூர்வம். கடலிலேயே நைட்ரேட் மிகுந்த இடம் ஆழ்கடல். பசிபிக்கின் அடியில் ஆயிரம் ஆண்டுப் பழைய தண்ணீரில்கூட ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம்தான். பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், என் கூடத்துக் கடல் அதைப்போல இருபது மடங்கு.

அதற்காக அலற வேண்டியதில்லை. அம்மோனியாபோல நைட்ரேட் ஒரே நாளில் கொல்லாது. வளர்ந்த கோமாளி மீன் ஐம்பதைத் தாங்கும், நூறையும் கொஞ்சகாலம் தாங்கும். குஞ்சுகள் அப்படியல்ல, அதிக நைட்ரேட்டில் அவற்றின் வளர்ச்சி குன்றுவதை 1980-களின் தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கு மீனைவிடத் தாங்குசக்தி குறைவு. இவற்றுக்கெல்லாம் முன்னால் நம் கண்ணுக்குத் தெரிவது பாசி. கண்ணாடியில் பழுப்பு, கல்லில் பச்சை, தண்ணீரைச் சுழற்றும் பம்பின் வாயில் தாடி. மீனும் இறாலும் மட்டும் இருக்கும் தொட்டியில் இருபதுக்குக் கீழே கொண்டுவந்தால் நிம்மதி, பத்துக்குக் கீழே வந்தால் கொண்டாட்டம். பூஜ்யம் வேண்டாம். நைட்ரேட் முழுக்க வற்றிய தொட்டியில் வழவழவென்று பழுப்புச் சளிபோல டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்பாசி படர்ந்து, போன பிசாசே தேவலை என்று நினைக்க வைத்துவிடும்.

சரி, என் ஐம்பது எங்கிருந்து வந்தது? ஃபில்டரையும் கல்லையும் மணலையும் சந்தேகப்பட்டு அலுத்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்துவந்து தீனி டப்பாவின் முன் உட்கார்ந்தேன். நான் போடும் ஒரு சிட்டிகை எவ்வளவு கனம்? தராசுக்கு ஒரு சிட்டிகை தெரியவே இல்லை. இருபது சிட்டிகை எடுத்துப் போட்டேன். 4 கிராம் காட்டியது. ஆக ஒரு சிட்டிகை 0.2 கிராம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாரத்துக்கு 2.8 கிராம்.

டப்பாவில் புரதம் 45 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. 2.8 கிராமில் புரதம் 1.26 கிராம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பது உணவு ஆய்வுக்கூடங்கள் எல்லாம் பயன்படுத்தும் கணக்கு. அதன்படி நைட்ரஜன் 0.2 கிராம். ஒரு கிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால் ஆக்சிஜனும் சேர்ந்து 4.43 கிராம் ஆகும். ஆக வாரத்துக்கு ஏறக்குறைய 890 மில்லிகிராம் நைட்ரேட். 45 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். கொஞ்சம் மீன் உடம்பில் சேரும், கொஞ்சத்தைப் பாசி எடுக்கும், கொஞ்சம் ஸ்பான்ஜ் அழுக்கோடு கழுவிப்போகும். பாதி கழித்துவிட்டாலும் வாரம் பத்து பிபிஎம் ஏறவேண்டும்.

இதை வைத்துக்கொண்டு தண்ணீர் மாற்றுவதைப் பார்த்தால் மூன்று மாதப் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. நான் மாற்றும் ஒன்பது லிட்டர் தொட்டியின் ஐந்தில் ஒரு பங்கு. ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் நாற்பது. ஒரு வாரத்தில் பத்து ஏறினால் மறுபடி ஐம்பது. வாளி எடுப்பதும் சிட்டிகை போடுவதும் சரிக்குச் சரியாக நின்றுவிட்ட இடம் அது. அதே வாளியை இன்னும் மூன்று வருஷம் தூக்கினாலும் நிறம் மாறாது. தொட்டி இருபதில் தொடங்கியிருந்தாலும் ஏறி ஐம்பதில் வந்து நின்றிருக்கும். நூறில் தொடங்கியிருந்தால் இறங்கி ஐம்பதில் நின்றிருக்கும். தினசரித் தீனியைப் பாதியாக்கினால் நிற்கும் இடம் இருபத்தைந்து. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, மிச்சம்தான்.

விரல் நீளம்கூட இல்லாத இரண்டு மீன்களுக்கு நான் போட்டது விருந்து. அவை கெஞ்சும் என்பது உண்மை. கண்ணாடி அருகே போனாலே மூக்கை ஒட்டிக்கொண்டு ஆடும். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ‘பாவம், பசிக்குது போல’ என்று ஆளுக்கொரு சிட்டிகை போட்டுவிட்டுப் போவார்கள். டப்பாவை அலமாரியில் பூட்டியது நான் இந்தத் தொட்டிக்குச் செய்த முதல் அறிவியல் காரியம். உறைந்த இறால் தீனி போடுகிறவர்கள் அதைத் தேநீர் வடிகட்டியில் போட்டு உருகவைத்து, அந்தச் சாற்றைத் தொட்டியில் விடாமல் வடித்துவிடவேண்டும்.

தீனியைக் குறைத்தாலும் நிறம் உடனே இறங்காது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வாராவாரம் மாற்றினால், இருக்கும் அளவுக்கும் நிற்கவேண்டிய அளவுக்கும் உள்ள இடைவெளி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பத்து பத்து சதவீதமாகப் பத்துமுறை மாற்றினால் நைட்ரேட்டில் 65 சதவீதம் போகும். அதே அளவு தண்ணீரை இரண்டே தவணையாக, பாதி பாதியாக மாற்றினால் 75 சதவீதம் போகும். உப்புக்குக் காசு கொடுக்கிறவர் பார்க்கவேண்டிய கணக்கு இது. ஒரு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு பிடிக்கும். ஊற்றும் தண்ணீரின் உப்புத்தன்மையும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போனால் பாதித் தண்ணீர் மாற்றுவதில் மீனுக்குச் சங்கடம் இல்லை.

ஊற்றுகிற தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால்? நம் ஊரில் இது கற்பனை இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது மனிதர் குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரிலேயே என் தொட்டியின் வியாதி முழுசாக இருக்க முடியும். உரமும் கழிவுநீரும் இறங்கிய நிலத்தடி நீர் பல இடங்களில் இந்த வரம்பையும் தாண்டியிருக்கிறது. 30 இருக்கும் போர் தண்ணீரில் உப்பைக் கரைத்து வாரம் ஒன்பது லிட்டர் ஊற்றினால் ஆறு பிபிஎம் நாமே சேர்க்கிறோம். சித்திரை வெயிலில் தினம் அரை லிட்டர் ஆவியாவதை அதே தண்ணீரால் ஈடுகட்டினால் வாரம் இன்னும் இரண்டுக்கு மேல் சேரும். ஆகவே தொட்டியைச் சோதிக்கும் முன் குழாயைச் சோதியுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் பல, ருசிக்காகச் சவ்வு வழி போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்து தருகின்றன. அந்தக் கலப்புத் திருகை மூடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

கடலோர ஊர்க்காரருக்கு இலவசக் கடல் இருக்கிறது. ஆனால் எந்தக் கடல் என்று பார்க்கவேண்டும். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் மொண்டால் அது கடலே இல்லை. மழைக்குப் பிறகு எங்கேயும் வேண்டாம். 2019 இறுதியில் மழைக்குப்பின் மெரினா கரையில் முழங்கால் அளவுக்கு வெண்ணுரை கிடந்ததும் அதில் பிள்ளைகள் விளையாடியதும் பலருக்கு நினைவிருக்கும், அந்த நுரை சாக்கடையின் கைங்கர்யம். காலையில் கடலுக்குப் போகும் ஃபைபர் படகுக்காரரிடம் இரண்டு கேன்களைக் கொடுத்துவிட்டால் அலைக்கு வெகுதூரம் அப்பாலிருந்து நிரப்பிவந்து தருவார். கைச்செலவுக்கு ஏதாவது கொடுப்பது மரியாதை. துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாமல் ஒரு வாரம் காற்றோட்டம் கொடுத்து வைத்திருந்து பயன்படுத்தலாம்.

கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடலிலிருந்து வந்ததுதானே? தூத்துக்குடி, மரக்காணம் உப்பளங்களில் நடப்பதைப் பார்த்தால் ஏன் கூடாதென்று விளங்கும். கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றிவரும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். உப்பை வாரியபிறகு மிஞ்சும் கசப்புநீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். ஆக நம் சாம்பாருக்கு வருவது கடலின் நடுத்துண்டு மட்டும். தலையும் வாலும் இல்லாத அதில் மீன் பிழைக்காது.

அழுக்கைப் பற்றி ஒரே வார்த்தை. ஸ்பான்ஜும் பஞ்சும் பிடித்துவைத்த கழிவு தண்ணீரோட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துக் கழுவும்வரை அது தொட்டிக்கு வெளியே போகவில்லை. மூன்று நாளைக்கொருமுறை கழுவினால் அழுகுவதற்குமுன் வெளியேறும், மாதத்துக்கொருமுறை கழுவினால் அதற்குள் பாதி நைட்ரேட்டாகிவிடும்.

இதெல்லாம் ஊற்று வாயை அடைப்பது. என் தொட்டியை இருபத்தைந்திலிருந்து கீழே கொண்டுவந்தது ஒரு கைப்பிடிப் பாசி.

கீட்டோமார்ஃபா என்று அதற்குப் பெயர்; வளர்ப்பவர்கள் சுருக்கி கீட்டோ என்பார்கள். சிக்குப்பிடித்த பச்சைத் தூண்டில் நரம்புபோல இருக்கும். வேர் கிடையாது, எதையும் பற்றிக்கொள்ளாது, சுருட்டி ஒரு பெட்டியில் போட்டு வெளிச்சம் காட்டினால் வளரும். வளர்வதற்கு நைட்ரஜன் வேண்டும், அதை நைட்ரேட்டாகத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் மன்னார் வளைகுடாவில் செய்துகொண்டிருப்பதும் இதே வேலைதான். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்ட்டர் ஏடி, வலைமேல் பாசி வளர்த்து அதைச் சுரண்டி எடுத்தே பெரிய பவளத் தொட்டியைச் சுத்தமாக வைக்கலாம் என்று 1980-களில் காட்டினார். அழுக்கு என்று நாம் கண்ணாடியிலிருந்து சுரண்டுவதை வேறிடத்தில் வேண்டுமென்றே வளரவிடுவது, அவ்வளவுதான் தத்துவம்.

என் ஏற்பாடு இப்படி. தொட்டியின் பின்பக்கம் தொங்கும் பெட்டி ஃபில்டர் ஒன்று பழையது கிடந்தது. உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டு கீட்டோவைப் போட்டேன். வெளியே ஒன்பது வாட் எல்இடி பல்ப், வீட்டில் எரிவதுதான். இரவு பத்து மணிக்கு எரிய ஆரம்பித்துக் காலை ஆறுக்கு அணையும்படி ஒரு டைமர். இரவில் ஏன்? விளக்கணைந்த தொட்டியில் எல்லா உயிரும் கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருப்பதால் தண்ணீரின் பிஎச் இறங்கும். அந்நேரம் பாசி வெளிச்சத்தில் இருந்தால் கரியமிலத்தை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் கொடுக்கும். மின்சாரச் செலவு மாதம் இரண்டு யூனிட்டைச் சுற்றி. பாசிக்குச் செலவே இல்லை. கீட்டோ வைத்திருக்கும் எந்த வளர்ப்பாளரும் மாதாமாதம் பிடுங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டுதான் இருப்பார். கேட்டால் ஒரு கவர் நிறையக் கொடுப்பார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் பெட்டி மூடி நிமிர்ந்து நின்றது. எடுத்துப் பிழிந்து எடைபோட்டால் வளர்ந்தது நூறு கிராம் இருந்தது. இங்கேயும் கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று கொண்டால் காய்ந்த எடை பத்து கிராம். அதில் நைட்ரஜன் சுமார் மூன்று சதவீதம், 0.3 கிராம். நைட்ரேட்டாகச் சொன்னால் 1,300 மில்லிகிராமுக்குமேல், 45 லிட்டருக்கு ஏறக்குறைய முப்பது பிபிஎம். என் கையில் சொட்டிக்கொண்டிருந்த அந்தச் சிக்கல் நான் ஒரு மாதம் போட்ட தீனி! அதைத் துளசித் தொட்டியில் போடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நல்ல தண்ணீரில் இரண்டுமுறை அலசிப் போட்டால் தப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். பாசி உறிஞ்சியது பாசிக்குள்தான் இருக்கிறது. வெட்டி எடுக்காமல் அழுகவிட்டால் எல்லாம் திரும்பவும் தண்ணீருக்கே. காலர்ப்பா என்ற இன்னொரு பாசி அழகாக இருக்கும், ஆனால் இனப்பெருக்க வேகம் வந்தால் ஒரே இரவில் கரைந்து தொட்டியைப் பாலாக்கிவிடும். நான் அதைத் தொடவில்லை.

நைட்ரேட் தண்ணீரைவிட்டு முழுதாகக் காற்றுக்குப் போகும் வழி ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் வாழும் சில பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடக் கற்றவை. அந்த மூச்சில் நைட்ரேட் படிப்படியாக உடைந்து நைட்ரஜன் வாயுவாகிக் குமிழாக வெளியேறும். உலகக் கடலில் இது பெரிய அளவில் நடக்கும் மூன்று இடங்களில் ஒன்று அரபிக் கடல். அங்கே சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத ஒரு தடித்த அடுக்கு இருக்கிறது. நம் வங்காள விரிகுடாவிலும் அப்படியொரு அடுக்கு உண்டு. ஆனால் அங்கே இந்த வேலை பெரிதாக நடப்பதில்லை. 2017-இல் வெளியான ஆய்வொன்று அந்தத் தண்ணீரில் சாதாரணக் கருவிகளுக்கு எட்டாத அளவுக்கு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியது. அந்தத் துளியே காரியத்தைக் கெடுக்கப் போதும்.

வங்காள விரிகுடாவுக்கே கைகூடாதது நம் வீட்டில் எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள். மெல்லிய ஏர் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை விட்டு, போகும் வழியில் ஆக்சிஜன் தீர்ந்து நைட்ரேட் உடையும்படி செய்யும் சுருள் கருவியை வீட்டிலேயே இருநூறு, முந்நூறு ரூபாயில் செய்துவிடலாம். சொட்டு வேகமாக விழுந்தால் ஆக்சிஜன் மிஞ்சி வேலை நடக்காது. கொஞ்சம் வேகமானால் பாதியில் நின்று நைட்ரைட் வரும். மிக மெதுவானால் நைட்ரேட்டும் தீர்ந்து, பாக்டீரியா சல்ஃபேட்டை மூச்சுவிட ஆரம்பித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. தொட்டியடியில் பத்து சென்டிமீட்டருக்குமேல் மணல் பரப்புவது இதே தத்துவம்தான். ஓரடி உயரத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மணலுக்குக் கொடுத்துவிட்டு மீனை எங்கே விடுவது? பெரிய தொட்டிக்காரர்கள் செய்யட்டும்.

துளைகள் நிறைந்த கல் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும்; மேற்பரப்பில் ஆக்சிஜன், உள்துளைகளில் அது இல்லை. 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகள், கடல்நீர், வெயில், ஒரு காற்றுக் குமிழ்க் குழாய் இவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்ப்பதை எழுதினார். அந்நாளில் மற்றவர்கள் எல்லாம் சரளைக்கடியில் தண்ணீரை இழுக்கும் தட்டுகளை நம்பியிருந்தார்கள். லைவ் ராக் என்று இன்று உலகமே விலைகொடுத்து வாங்குவதன் தொடக்கம் அது.

நம் கரையில் மட்டும் அப்படிப் பாறை எடுக்கக்கூடாது. கல் உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டாலும் வழக்கு வரும். நெருப்பில் சுட்ட பீங்கான் வளையங்கள், துளையுள்ள செயற்கைக் கல் போதும். அவற்றில் நுண்ணுயிர் குடியேற சில மாதம் பிடிக்கும்.

கடைசியாக வினிகர். தண்ணீரில் நைட்ரேட் நிறைய இருந்தும் பாக்டீரியா அதைத் தின்னாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கார்பன் பற்றாக்குறை. கடலின் நுண்ணுயிர்களில் கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம் இருக்கிறது; ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் பெயரால் அதைச் சொல்வார்கள். தொட்டியில் பின்னிரண்டும் தீனியில் கொட்டிக்கிடக்க, முதலாவது போதாது. கொஞ்சம் வோட்காவோ வினிகரோ ஊற்றினால் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் அந்த பாக்டீரியாவை அள்ளி வெளியே எடுக்கும். மீன் தொட்டிக்கு வோட்கா என்றால் வீட்டில் யார் நம்பப்போகிறார்கள்? வினிகரே கௌரவம். ஆனால் ஸ்கிம்மர் இல்லாத சிறு தொட்டியில் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் குடிக்கும். ராத்திரி மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால் விடிவதற்குள் மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். கட்டாயம் செய்யவேண்டுமென்றால் 45 லிட்டருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிக்குக் கீழே தொடங்கி, வாரக் கணக்கில் மெல்ல ஏற்றி, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவும்.

என் தொட்டியில் இப்போது நைட்ரேட் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே. செய்தது தீனியைப் பாதியாக்கியதும் பாசி வளர்த்ததும்தான். புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது டைமரும் பல்பும், பிறகு அந்த 4 கிராமைக் காட்டிய தராசுக்கு ஒரு செல்.

ஒரு சங்கதி பாக்கி. நண்பர் ஒருவர் தன் தொட்டியில் நைட்ரேட் ஐந்துதான் என்று வெகுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார். என் முன்னால் சோதித்துக் காட்டியபோது காரணம் தெரிந்தது. இரண்டு பாட்டில் சோதனைக் கிட்டில் நைட்ரேட்டுக்கு நேரடியாக நிறம் வராது. ஒரு உலோகத் தூள், பெரும்பாலும் துத்தநாகம், நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றவேண்டும். அந்த நைட்ரைட்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீட்டர் கிரீஸ் கண்டுபிடித்த வினைப்படி சிவப்புச் சாயமாகும். அந்தத் தூள் பாட்டிலின் அடியில் கட்டியாகப் படிந்துகிடக்கும். நண்பர் குலுக்காமல் மேலாகச் சொட்டு விட்டிருக்கிறார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டிக் கைவலிக்கக் குலுக்கிவிட்டு அதே தண்ணீரை மறுபடி சோதித்தோம். குழாய் ரத்தச் சிவப்பு. எண்பது. இன்னொரு குழப்பமும் உண்டு. சில கிட்கள் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் எண்ணாகத் தரும், அதை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் கிடைக்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், கிட்டோடு வந்த தாளை ஒருமுறை படியுங்கள். பிறகு அந்த இரண்டாம் பாட்டிலை முப்பது விநாடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நன்றாகக் குலுக்குங்கள்.